பெட்டியைத் திறந்தவர்கள் வாயைத் திறக்கட்டும்!

விமான விபத்து விசாரணையைப் பற்றி எடமலைப்பட்டி புதூரில் நின்றுகொண்டு பேசுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். பறப்பவன் சீமான், அண்ணாந்து பார்ப்பவன் பாட்டாளி என்றிருந்த காலத்துக் கேள்வி அது. அந்தக் காலம் மலையேறிவிட்டது. ஒரு நள்ளிரவில் திருச்சி விமான நிலையத்து வாயிலிலே நின்று பாருங்கள். கோட்டும் சூட்டும் போட்ட கனவான்களையா காண்கிறீர்கள்? கயிறு சுற்றிய அட்டைப் பெட்டி, அதன்மேல் கொட்டை எழுத்தில் பெயர், வழியனுப்ப வந்த தாயின் கண்ணிலே நீர், கடன் வாங்கிய பணத்தில் எடுத்த பயணச் சீட்டு! துபாய்க்கும் சார்ஜாவுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் கொத்து வேலைக்கும் கம்பி வேலைக்கும் ஓட்டுநர் வேலைக்கும் போகிற நம் தோழர்களைத்தான் காண்பீர்கள். உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாட்டுப் பயணிகளே மிகுதியாக வந்துபோகும் விமான நிலையம் நம் திருச்சி நிலையம். எடமலைப்பட்டி புதூருக்கு அது சில கல் தொலைவுதான்.

ஆகவே, விமானம் விழுந்தால் ஏன் விழுந்தது என்று கேட்கிற உரிமை பணக்காரனுக்கு மட்டும் உரியதல்ல. அது நம் உரிமை. அந்த உரிமையைப் பற்றித்தான் இன்று பேசுகிறோம்.

நம் வாயிலில் நடந்தது

2018 அக்டோபர் 12. பொழுது விடிய இன்னும் நெடுநேரம் இருந்தது. மணி ஒன்றரைக்குச் சற்று முன்பு, திருச்சியிலிருந்து துபாய்க்குக் கிளம்பியது ஒரு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம். பயணிகள் 130 பேர், பணியாளர் 6 பேர், ஆக 136 உயிர்கள். ஓடுபாதையில் எழவேண்டிய இடத்தில் அது எழவில்லை. பாதையின் கோடியில் நின்ற வழிகாட்டிக் கருவியின் கம்பங்களை இடித்தது, நிலையத்தின் சுற்றுச்சுவரைப் பெயர்த்தது, பிறகே வானேறியது. அடிவயிற்றிலே கிழிசல். அந்தக் கிழிசலோடு அரபிக் கடலின் மேல் பறந்தது! வழியில் அழைத்துத் திருப்பி மும்பையில் இறக்கினார்கள். கிளம்பியதிலிருந்து இறங்கியது வரை ஏறக்குறைய நான்கு மணி நேரம். ஓர் உயிரும் போகவில்லை.

ஆண்டவன் காப்பாற்றினான் என்றனர் சிலர். விமானி தூங்கியிருப்பான் என்றனர் சிலர். பாரம் மிகுதி என்றனர் வேறு சிலர். வாய்க்கு வந்தது வதந்தியாயிற்று.

பின்னர் விசாரணை அறிக்கை வந்தது. அது சொன்ன காரணம் என்ன தெரியுமா? ஒரு நாற்காலி! ஓடுபாதையில் விமானம் விரைந்துகொண்டிருந்தபோது தலைமை விமானியின் இருக்கையின் முதுகுச் சாய்மானம் பின்னோக்கிச் சாய்ந்துவிட்டது. எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடியின் மேலிருந்த அவர் கை, உடம்போடு சேர்ந்து பின்னே வந்தது, விசை குறைந்தது. குறைந்ததை இரண்டு விமானிகளும் உரிய நேரத்தில் கவனிக்கவில்லை.

பொன்மலைப் பணிமனைத் தோழர்களுக்கு இதை நாம் விளக்கவேண்டியதில்லை. ஒரு மரை கழன்றால் ஒரு பெட்டி தடம்புரளும் என்பதைக் கையால் அறிந்தவர்கள் அவர்கள். காரணம் தெரிந்தது, இனி என்ன செய்யலாம்? இருக்கையைச் சோதிக்கலாம், பூட்டைத் திருத்தலாம், இப்படி நேர்ந்தால் துணை விமானி எதைப் பார்க்கவேண்டும் என்று பயிற்சி தரலாம். காரணம் தெரியாமலே போயிருந்தால்? "விதி" என்று சொல்லிவிட்டு அடுத்த விமானத்தில் அதே நாற்காலியில் அடுத்த விமானியை உட்கார வைத்திருப்போம். விதி என்பது விசாரிக்க மறுப்பவன் வைத்துக்கொண்ட பெயர். விசாரித்துப் பார்த்தால் விதி விலகி, வினை வெளியே வருகிறது.

ஆகவே, விசாரணையே நடப்பதில்லை என்று நாம் சொல்லவில்லை. நடக்கிறது. நம் கேள்வி வேறு. யார் விசாரிக்கிறார்கள்? யாருக்குச் சொல்கிறார்கள்? எவ்வளவு சொல்கிறார்கள்? எப்போது சொல்கிறார்கள்?

பதினைந்து பக்கம்

2025 ஜூன் 12. அகமதாபாத்திலிருந்து இலண்டனுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா 171 விமானம், தரையை விட்டு எழுந்த அரை நிமிடத்திலே மருத்துவக் கல்லூரி விடுதியின்மேல் விழுந்து எரிந்தது. விமானத்தில் இருந்த 242 பேரில் பிழைத்தவர் ஒருவர். தரையில் 19 பேர் மாண்டனர். மொத்தம் 260 பிணங்கள்! சோறு உண்ண உட்கார்ந்த மாணவனும் செத்தான். கடல் கடக்கக் கிளம்பியவளும் செத்தாள்.

கறுப்புப் பெட்டிகள் கிடைத்தன. கறுப்பு என்பது பெயரளவில்தான். இடிபாட்டிலே எளிதாகக் கண்ணில் படவேண்டும் என்பதற்காக அதற்குப் பூசுவது செம்மஞ்சள் நிறம். ஊரறியத் தெரியவேண்டும் என்று நிறம் பூசிய பெட்டி. அதன் உள்ளே இருப்பதுதான் ஊருக்குத் தெரியக்கூடாதாம்!

உலக நாடுகளின் ஒழுங்குப்படி விபத்து நடந்து முப்பது நாளில் முதல் அறிக்கை வரவேண்டும். வந்தது. எப்போது வந்தது? ஜூலை 12, நாடு உறங்கிக்கொண்டிருந்த நள்ளிரவு கடந்த நேரத்தில். எத்தனை பக்கம்? பதினைந்து. அது வெளிவருவதற்கு முன்பே, எஞ்சினுக்கு எரிபொருள் செலுத்தும் விசைகளைப் பற்றித்தான் விசாரணை நடக்கிறது என்பதை அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் ஏடு எழுதிவிட்டது. விமானம் விழுந்தது நம் மண்ணில். செத்தவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள். பெட்டியைத் திறந்தது டில்லியில். செய்தி மட்டும் அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்து நம் காதில் விழுகிறது! இது என்ன முறை?

அந்தப் பதினைந்து பக்கத்திலே என்ன இருந்தது? இரண்டு எஞ்சின்களின் எரிபொருள் விசைகளும் ஒரு வினாடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்த நிலைக்குப் போயின என்றிருந்தது. ஏன் நிறுத்தினாய் என்று ஒரு விமானி மற்றவரைக் கேட்கிறார். நான் நிறுத்தவில்லை என்று மற்றவர் மறுக்கிறார் என்றிருந்தது. கேட்டவர் யார்? சொல்லவில்லை. மறுத்தவர் யார்? சொல்லவில்லை. முன்னே என்ன பேசினர், பின்னே என்ன பேசினர்? சொல்லவில்லை. ஆனால், அந்த வகை விமானத்தைச் செய்தவர்களுக்கும் எஞ்சின் செய்தவர்களுக்கும் இந்தக் கட்டத்தில் பரிந்துரை எதுவும் இல்லை என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள்!

இதன் விளைவு என்ன? ஒரு வரியை நீட்டி, ஓராயிரம் பேர் தீர்ப்பு எழுதினார்கள். செத்துப்போன விமானியைக் கூண்டில் ஏற்றினார்கள். கூண்டிலே நிற்பவன் வாய் திறக்க முடியாது. ஏனென்றால் அவன் சாம்பலாகிவிட்டான். அந்த விமானியின் முதிய தந்தை தள்ளாத வயதிலே உச்ச நீதிமன்றப் படி ஏறவேண்டியதாயிற்று. அறிக்கையின் துண்டு துணுக்குகள் கசிந்ததை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. விமானியை யாரும் பழி சொல்ல முடியாது என்று நவம்பரில் அந்தத் தந்தைக்கு ஆறுதல் சொன்னது.

விமானி குற்றவாளி என்று நாம் சொல்லவில்லை. குற்றமற்றவர் என்றும் சொல்லவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசுவது நம் வழக்கமல்ல. ஒன்றை மட்டும் சொல்கிறோம். பாதியைச் சொல்லிப் பாதியை மறைப்பது மௌனத்தைவிடக் கொடியது. முழுதும் மறைத்தால் ஐயம் பிறக்கும். பாதி மறைத்தால் பழி பிறக்கும். அந்தப் பழி எப்போதும் செத்தவன் தலையிலேதான் விழுகிறது. முதலாளிக்கு வழக்கறிஞர் உண்டு. அமைச்சகத்துக்கு விளக்கம் சொல்ல அதிகாரிகள் உண்டு. பிணத்துக்கு யார் உண்டு?

ரயிலுக்கு ஒரு நீதி

விமான விபத்தை விசாரிப்பது விமான விபத்துப் புலனாய்வுப் பணியகம். அது எங்கே இருக்கிறது? சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. விமானிக்கு உரிமம் தருவதும், விமானம் பறக்கத் தக்கது என்று சான்று தருவதும், நிறுவனங்களைக் கண்காணிப்பதும் யார்? அதே அமைச்சகத்தின் கீழுள்ள இயக்குநரகம். சான்று கொடுத்ததிலே தவறு இருந்தால்? கண்காணித்ததிலே ஓட்டை இருந்தால்? அதைக் கண்டுபிடித்துச் சொல்லவேண்டியவரும் அதே கூரையின் கீழ்தான் குடியிருக்கிறார்.

2010 மே 22-இல் மங்களூரில் துபாயிலிருந்து வந்த விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் பாய்ந்து 158 பேர் மாண்டபின், சுதந்திரமான புலனாய்வு அமைப்பு ஒன்று வேண்டும் என்ற குரல் வலுத்தது. 2012-இல் இந்தப் பணியகம் பிறந்தது. பிறந்த குழந்தையை எங்கே வைத்தார்கள்? அமைச்சகத்தின் மடியிலேயே வைத்தார்கள். 1934-ஆம் ஆண்டில் வெள்ளையன் எழுதிய விமானச் சட்டத்தை 2024-இல் மாற்றினார்கள். 2025 ஜனவரி முதல் நாளிலிருந்து புதுச் சட்டம் நடப்பில் இருக்கிறது. பாரதிய வாயுயான் அதினியம் என்று பெயர் சூட்டினார்கள். பெயரிலே வடமொழி மணக்கிறது. பிடியிலே பழைய வாடைதான் அடிக்கிறது. புலனாய்வுப் பணியகத்தின்மேல் மத்திய அரசின் மேற்பார்வை என்று அந்தச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. பெயரை மாற்றத் தெரிந்தவர்களுக்குப் பிடியைத் தளர்த்த மனமில்லை.

வேறு வழி இல்லையா? இருக்கிறது. அதை வெளிநாட்டில் தேடவேண்டியதுகூட இல்லை; பொன்மலையில் கேட்டால் சொல்வார்கள். ரயில் விபத்தை விசாரிப்பவர் ரயில்வே பாதுகாப்பு ஆணையர். அவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை! ரயிலை ஓட்டுகிறவரே ரயில் விபத்தை விசாரிக்கலாகாது என்று 1941-லேயே அந்த ஆய்வாளர்களை ரயில்வே வாரியத்திடமிருந்து பிரித்தார்கள். இன்று அவர் எந்த அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார்? கேட்டால் சிரிப்பீர்கள்: சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ்! ரயில்காரன் தன் விபத்தைத் தானே விசாரிக்கலாகாது என்று விமானத் துறையிடம் ஒப்படைத்தவர்கள், விமானத் துறையின் விபத்தை யாரிடம் ஒப்படைத்தார்கள்? விமானத் துறையிடமே! ரயிலுக்கு ஒரு நீதி, விமானத்துக்கு ஒரு நீதியா?

2024 அக்டோபர் 11-ஐத் தமிழகம் மறந்திருக்காது. அன்று மாலை திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குக் கிளம்பிய விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. எரிபொருளைக் குறைப்பதற்காக இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானிலேயே வட்டமிட்டது. உள்ளே 141 பேர். கீழே ஊரெல்லாம் கழுத்து வலிக்க மேலே பார்த்து நின்றது. இரவு எட்டேகால் மணியளவில் பத்திரமாகத் தரை தொட்டது. அப்பாடா என்று மூச்சுவிட்ட சில நிமிடங்களிலே, கவரைப்பேட்டையில் மைசூரு-தர்பங்கா விரைவு ரயில், நின்றிருந்த சரக்கு ரயிலின்மேல் மோதியது என்ற செய்தி வந்தது. ஒரே இரவு; இரண்டு விபத்துகள். ரயில் விபத்தை ரயில்வே அமைச்சருக்குக் கட்டுப்படாத ஆணையர் விசாரித்தார். விபத்தைப் பற்றி அறிந்தவர் எவராயினும் வந்து சாட்சி சொல்லலாம் என்று பொதுமக்களை அழைப்பது அவர்கள் வழக்கம். அங்கே எல்லாம் ஒழுங்கு என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால், அந்த அளவு கதவாவது அங்கே திறந்திருக்கிறது. வானில் வட்டமிட்ட விமானத்தை விசாரிக்கப் புறப்பட்டதோ, விமானத் துறையின் இயக்குநரகமே. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்த 141 பேரும் சாட்சிகள் அல்லவா? அந்த விசாரணையின் முடிவு அவர்கள் ஒவ்வொருவர் கையிலும் அச்சிட்டுத் தரப்பட வேண்டியதல்லவா?

பக்கத்து அரியலூரை நினைத்துக்கொள்ளுங்கள். 1956 நவம்பரில் வெள்ளம் பாலத்தைக் கெடுத்தது. ரயில் ஆற்றிலே விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவியை விட்டு விலகினார். அது பண்பு. அந்தப் பண்பைப் போற்றுகிறோம். ஆனால், அமைச்சர் போவதால் மட்டும் அடுத்த பாலம் நிற்காது. பாலம் ஏன் சாய்ந்தது என்பது ஊருக்குத் தெரியும்போதுதான் அடுத்த பாலத்தைக் கட்டுகிறவன் அஞ்சுவான்.

கோப்பிலே தூங்கிய எச்சரிக்கை

மறைப்பதால் வதந்தி வரும், அவ்வளவுதானே என்று எண்ணவேண்டாம். மறைப்பு உயிரைக் குடிக்கும்.

கோழிக்கோடு விமான நிலையத்தின் ஓடுபாதை மேட்டின்மேல் அமைந்தது, கோடியிலே பள்ளம். மழையிலே, முதுகுப் பக்கமிருந்து காற்று வீசும்போது அங்கே இறங்குவது ஆபத்து என்று சென்னையைச் சேர்ந்த விமானப் பாதுகாப்பு வல்லுநர் கேப்டன் மோகன் ரங்கநாதன் 2011-லேயே அதிகாரிகளுக்கு எழுதினார். எழுதிய கடிதம் கோப்பிலே போயிற்று. ஒன்பது ஆண்டு கழிந்தது. 2020 ஆகஸ்ட் 7. துபாயிலிருந்து, கொரோனாக் காலத்தில் ஊர் திரும்பிய 190 பேரோடு வந்த விமானம், அதே ஓடுபாதையில், அதே மழையில், அதே பின்காற்றில் இறங்கிப் பள்ளத்தில் விழுந்து முறிந்தது. 21 பேர் மாண்டனர். விமானிகள் இருவரும் அதில் அடக்கம். விமானி முறை தவறினார் என்றது 2021 செப்டம்பரில் வந்த அறிக்கை. அமைப்பின் குறைகளும் துணைக் காரணம் என்றது. ஒப்புக்கொள்கிறோம். ஆனால், அந்த எச்சரிக்கை 2011-இல் மக்கள் மன்றத்திலே மேசைமேல் வைக்கப்பட்டிருந்தால்? மலையாளத்திலும் தமிழிலும் ஊரெல்லாம் படித்திருந்தால்? ஏன் இன்னும் சரிசெய்யவில்லை என்று பயணிகள் ஆண்டுதோறும் கேட்டிருப்பார்களே! கோப்புக்குக் கேள்வி கேட்கத் தெரியாது, மக்களுக்குத் தெரியும்.

நம் நீலகிரிக்கு வாருங்கள். 2021 டிசம்பர் 8, குன்னூருக்கு அருகே நஞ்சப்பசத்திரத்தில் இராணுவ ஹெலிகாப்டர் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்ட 14 பேரை நாடு இழந்தது. வானிலை திடீரென மாறி மேகத்துள் புகுந்ததால் விமானிக்குத் திசை உணர்வு தப்பியது என்று 2022 ஜனவரியில் ஓர் அறிவிப்பு வந்தது. 2024 டிசம்பரில் நாடாளுமன்றக் குழுவின் அறிக்கையிலே ஓர் அட்டவணை. அதிலே காரணம் என்ற கட்டத்தில் மனிதத் தவறு என்று ஒரு சொல். நாட்டின் முதல் படைத்தலைவனின் சாவுக்கே ஒரு கட்டமும் ஒரு சொல்லும்தான் என்றால், துபாய்க்குப் போகும் கொத்தனாருக்கு எத்தனை சொல் கிடைக்கும்?

இராணுவ இரகசியம் என்பார்கள். அமெரிக்காவைப் பார்க்கட்டும். 2025 ஜனவரி 29-இல் வாஷிங்டன் அருகே பயணி விமானமும் இராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தனர். ஆறே மாதத்தில், ஜூலை கடைசியில் தொடங்கி மூன்று நாள் பொது விசாரணை. இராணுவத்தாரும் விமானத் துறையாரும் மக்கள் முன்னே உட்கார்ந்து பதில் சொன்னார்கள். ஆயிரக்கணக்கான பக்க ஆவணங்கள் திறந்து வைக்கப்பட்டன. அந்த நாட்டு விசாரணை வாரியத்தை 1975-லேயே போக்குவரத்துத் துறையிலிருந்து பிரித்துத் தனியாக நிறுத்திவிட்டார்கள். அமெரிக்கா செய்வதெல்லாம் நல்லது என்பவர்கள் நாமல்லர். நல்லது எங்கிருந்தாலும் எடுத்துக்கொள்ளக் கூச்சப்படுகிறவர்களும் அல்லர்.

சிலம்பை உடைத்துக் காட்டு!

விமானிகளின் கடைசிப் பேச்சை வானொலியில் ஒலிபரப்பச் சொல்கிறீர்களா என்று கேட்பார்கள். இல்லை. சாகும் மனிதனின் குரலை வேடிக்கைப் பொருளாக்கும் ஈனத்தனம் நமக்கு வேண்டாம். உலக ஒழுங்கும் அந்தக் குரலுக்குக் காப்புத் தருகிறது, அது சரியே. விசாரணையின் நோக்கம் பழி சுமத்துவதல்ல, அடுத்த விபத்தைத் தடுப்பது என்றும் அந்த ஒழுங்கு சொல்கிறது, அதுவும் சரியே. ஆனால், அந்தக் காப்பு செத்தவனின் மானத்துக்குத் தந்த போர்வை. உயிரோடு இருக்கும் அதிகாரியும் ஆலை முதலாளியும் அதைப் போர்த்திக்கொள்ளக் கூடாது.

மதுரையிலே ஒரு மன்னன் விசாரிக்காமல் தீர்ப்பளித்தான். அரண்மனைப் பொற்கொல்லன் சொன்னதே சாட்சி என்று கொண்டான். செத்தவன் சார்பிலே ஒருத்தி வந்தாள். அழுது விட்டுப் போகவில்லை, சலுகை கேட்கவில்லை, இழப்பீடு கேட்கவில்லை. மூடியிருந்த சிலம்பை அவையின் நடுவிலே உடைத்தாள். உள்ளே இருந்தது முத்தா, மாணிக்கமா என்று எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. அந்த மன்னனுக்கு ஒரு பெருமை உண்டு: உண்மை தெரிந்தவுடன் ஏற்றுக்கொண்டான். சிலம்பை உடைக்காதே, அறிக்கை பின்னர் வரும் என்று அவன் சொல்லவில்லை!

கறுப்புப் பெட்டியும் ஒரு சிலம்புதான். அதை உடைக்க வேண்டிய இடம் அவை. அமைச்சகத்தின் உள்ளறை அல்ல.

ஆகவே நாம் கேட்பது இவை. ஒன்று, விபத்துப் புலனாய்வுப் பணியகத்தை அமைச்சகத்தின் பிடியிலிருந்து விடுவித்து நாடாளுமன்றத்துக்கு நேரே பதில் சொல்லும் அமைப்பாக்குக. இரண்டு, பெரிய விபத்து எதுவாயினும் பொது விசாரணை நடத்துக. இறந்தவர் குடும்பத்துக்கு அங்கே இடம் தருக. மூன்று, பன்னிரண்டு மாதத்துக்குள் இறுதி அறிக்கை என்ற உலக ஒழுங்கை மதித்திடுக. முடியாவிட்டால் ஆண்டு நாள்தோறும் எதுவரை வந்தோம், எங்கே நிற்கிறோம் என்று அறிவித்திடுக. நான்கு, ஆங்கிலத்தில் அச்சிட்டு ஒதுங்கிவிடாமல், விபத்து நடந்த மண்ணின் மொழியிலும் செத்தவர்களின் மொழியிலும் அறிக்கையைத் தருக. திருச்சியில் நடந்ததைத் தமிழில் சொல்லுக. ஐந்து, அறிக்கையின் பரிந்துரைகளில் எத்தனை நிறைவேறின, எத்தனை தூங்குகின்றன என்று ஆண்டுதோறும் கணக்குக் காட்டுக.

இதிலே எது இராணுவ இரகசியம்? எது நடக்க முடியாதது? கணக்குக் கேட்டால் கலவரம் என்பதா?

தோழர்களே! உங்கள் தெருவிலே வெளிநாடு போய்வருகிறவர் ஒருவராவது இருப்பார். அவர் அடுத்த முறை கிளம்பும்போது பெட்டியின் எடையைப் பார்ப்பார். கடவுச்சீட்டைத் தடவிப் பார்ப்பார். ஏறப்போகும் விமானத்தின் எடையையோ இருக்கையின் பூட்டையோ அவரால் பார்க்க முடியாது. அவருக்காகப் பார்ப்பதற்கென்றே ஓர் அரசு இருக்கிறது. பார்த்ததைச் சொல்லவேண்டியதும் அந்த அரசே. உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் ஊருக்கு வரும்போது மாலை போடுங்கள், தவறில்லை. மாலையோடு இந்தக் கேள்வியையும் போடுங்கள். கிளைக் கூட்டத்திலே தீர்மானம் இயற்றுங்கள். பெட்டியைத் திறந்தவர்கள் வாயைத் திறக்கும்வரை, நாம் வாயை மூடுவதில்லை!